டிகிரி பத்தலைங்க

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ஊர் கேரளத்தில், வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழில். பல குடும்பங்களுக்குக் கைச்செலவே பால் காசுதான். அங்குள்ள ஒரு பால் சொசைட்டிக்கு நாங்கள் கொடுத்த செயலியை யாரும் திறப்பதில்லை. "விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுங்கள்" என்றது மேலிடம். நானும் உடன் வேலை பார்த்த தோழியும் விடிகாலையில் போய்ப் பால் ஊற்றும் வரிசையோரம் நின்றோம்.

ஊற்ற வந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். எங்கள் குறுஞ்செய்தியோ உறுப்பினர் பட்டியலில் இருந்த கணவர் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. செயலியின் கதை பாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

மீதி, பால் ஊற்றியதும் கொடுக்கும் அளவுச் சீட்டில் இருந்தது. கொழுப்பு, எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பும் தண்ணீரும் போக மீதி இருக்கும் திடப்பொருள்) இரண்டையும் வைத்துத்தான் விலை. தொகை குறைந்தால் கவுன்ட்டரில் கிடைக்கும் பதில் "டிகிரி பத்தலைங்க". டிகிரி என்றால் பால்மானியில் தெரியும் அளவு. காலைப் பாலில் கொழுப்பு பெரும்பாலும் குறைவு, வைக்கோல் குறைந்தாலும் இறங்கும், கடைசிக் கறவையைக் கன்றுக்கு விட்டாலும் இறங்கும். இதையெல்லாம் அவர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது, நேற்றைவிட இன்றைக்கு எது இறங்கியது என்பது. கொழுப்பு என்றால் தீவனத்தைப் பார்ப்பார்கள். எஸ்.என்.எஃப். என்றால் தண்ணீர் கலந்தாயா என்ற சந்தேகப் பார்வை வரும். வரிசையில் அதைத் தாங்குவது லேசில்லை.

டிசைன் திங்கிங், அதாவது பயன்படுத்துபவரைப் பார்த்து வடிவமைக்கும் முறை. அதன் வகுப்புகளில் யோசனை எழுதிய மஞ்சள் சீட்டு ஒட்டுவதில் காட்டும் உற்சாகத்தைக் கேள்வியை மாற்றுவதில் காட்டுவதில்லை என்பது என் குறை. 2007-ல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டியை மலிவாகச் செய்யச் சொன்னார்கள். நேபாளம் போய்ப் பார்த்தால், ஆபத்தில் இருந்த குழந்தைகள் பலர் பிறப்பது ஆஸ்பத்திரிக்கு எட்டாத கிராமங்களில். அதனால் மின்சாரத்தையே நம்பியிராமல் சூடு காக்கும் சின்னப் படுக்கைப் பை செய்தார்கள். 'எம்ப்ரேஸ்' வந்தது அப்படித்தான்.

நாங்கள் நிரல் எழுதும் முன் கையாலேயே மாதிரிச் சீட்டு எழுதிக் கொடுத்தோம்: தமிழில், பெரிய எழுத்தில் தொகை, இரண்டு அளவுக்கும் பக்கத்தில் ஏறியதா இறங்கியதா என்று ஒரு அம்புக்குறி. நன்றாகப் போனது. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்த இன்னொரு யோசனை, தொகையை இயந்திரம் சத்தமாகச் சொல்வது. அதை ஒரு அக்காவிடம் சொன்னதும், "வேண்டாந் தம்பி, எங்க மாமியாருக்குக் கேட்டுருமுங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் யாரும் மறுக்கவில்லை. அதோடு அதைக் கைவிட்டோம்.

அப்புறம் உறுப்பினர் படிவத்தில் 'பால் ஊற்றுபவர் எண்' என்று தனிக் கட்டம் சேர்க்கச் சொன்னோம். சொசைட்டி ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாளானது. பணம் போகும் வங்கிக் கணக்கு பல வீடுகளில் இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கிறது. அதற்குக் கட்டம் போட எங்களால் முடியவில்லை.