பிரித்துப் பார்க்காமல் எழுதிய வரி

சேலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பிரிவில் வாரண்டி கிளைம்களைக் கவனிக்கும் வேலையில் நான் இருந்தபோது, 2022 ஜூலையில் ஒரு ஜாப் கார்டில், அதாவது வண்டியின் குறையையும் செய்த வேலையையும் பதியும் தாளில், எழுதிய வரி இன்றும் மனத்தை உறுத்துகிறது. "ஓட்டும் முறையால் ஏற்பட்ட கிளட்ச் தேய்மானம், வாரண்டியில் அடங்காது." கிளட்சைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இதை எழுதிக் கையெழுத்திட்டபோது அந்தக் காரின் கியர் பாக்ஸை எங்களில் யாரும் இறக்கிப் பார்த்திருக்கவில்லை.

ஏற்காட்டுக்கு அருகே ஒரு மலைக்கிராமத்து அரசுப் பள்ளியின் ஆசிரியைக்கு உரிய கார் அது. அவருடைய வீடு சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்ததால், பள்ளி நாள்களில் கோரிமேடு வழியாக அடிவாரத்தைக் கடந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காலையில் ஏறி மாலையில் இறங்குவார். வாங்கி ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. ஓடியது 11,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாரண்டியோ 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர். மேல் வளைவுகளில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி ஏறத் தயங்குகிறது, தீய்ந்த வாடை வருகிறது என்பது அவர் சொன்ன குறை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்க, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் பேருந்துக்கு வழிவிட்டு வளைவில் நின்று, பாதிக் கிளட்சில் காலை வைத்து மறுபடி நகர்த்தும் ஓட்டுநர்களை நாங்கள் நிறையப் பார்த்திருந்தோம். ஒர்க்‌ஷாப்பில் 'மலை வண்டி' என்று ஒருவர் சொன்னாலே மற்றவருக்கு விடை தெரிந்துவிடும். மேலாளர் கண்ணாடி வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு "ரிஜெக்ட் போட்டுடுங்க" என்றார். நானும் போட்டேன். கிளட்ச் செட்டை மாற்ற இருபத்து நாலாயிரம் ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

மறுப்பு எங்களுக்கு ஏன் அவ்வளவு எளிதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வாரண்டி கொடுப்பது கார் தயாரிக்கும் கம்பெனி. வேலையைச் செய்வது டீலர். டீலர் தன் ஸ்டாக்கிலிருந்து பாகத்தை எடுத்து, தன் ஆளை வைத்து மாற்றிவிட்டுப் பிறகுதான் கம்பெனியிடம் பணம் கேட்க முடியும். கழற்றிய பழைய பாகத்தைக் கம்பெனி ஆய்ந்து, 'இது தயாரிப்புக் குறை அல்ல' என்று சொல்லிவிட்டால் அந்தத் தொகை டீலரின் கணக்கில் பிடிக்கப்படும். இதை நாங்கள் டெபிட் என்போம். மாதக் கடைசியில் டெபிட் எவ்வளவு என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவன் நான். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் போன்றவை தேய்மானப் பொருள்கள் என்று வாரண்டிப் புத்தகமே விலக்கி வைத்திருப்பதால், அவற்றில் ஒன்றின் பெயர் குறையில் வந்தவுடன் கை தானாகவே அந்த வரியை எழுதப் பழகிவிட்டது. ஆனால் அதே புத்தகம் தேய்மானத்தைத்தான் விலக்குகிறது. வேறொரு பாகத்தின் குறையால் கிளட்ச் கெட்டுப்போவதை அது விலக்கவில்லை. மலைப்பாதையில் ஓட்டுவதை எந்தப் பக்கத்திலும் விலக்கவில்லை. மலையில் ஓட்டக் கூடாது என்று சொல்லி அந்தக் காரை நாங்கள் விற்கவும் இல்லை.

ஆசிரியை என் மேசைக்கு எதிரே அமர்ந்து அந்த வரியைப் படித்தார். குரல் உயரவில்லை. "தம்பி, உள்ள பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்க டீச்சர், வாடையிலயே தெரியும்" என்றேன். அந்தப் பதிலைச் சொல்லும்போதே அது பதில் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. விடைத்தாளைப் பிரிக்காமல் மதிப்பெண் போட்டவனைப் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

நான்கு நாள் கழித்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் ஒன்று வந்தது. அதன் நகல் கம்பெனிக்கும் போயிருந்தது. ஆசிரியை எழுதியிருந்தது இதுதான்: வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தர வேண்டும். என் முன்னிலையில் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். தவறு என்னுடையது என்று தெரிந்தால் இறக்கி ஏற்றும் கூலியை நானே தருகிறேன். கழற்றிய பாகங்களை என் எழுத்துபூர்வமான சம்மதமின்றி அப்புறப்படுத்தக் கூடாது. இதுவரை இந்தக் காருக்குப் போட்ட எல்லா ஜாப் கார்டுகளின் நகலும் வேண்டும். ஒரு பக்கம்கூட முழுதாக நிரம்பாத கடிதம். அதற்குப் பிறகு பல சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். சத்தம் போட்டவர்களில் பெரும்பாலோர் மாலைக்குள் களைத்துப்போய்ப் பணம் கட்டினார்கள். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கதவைச் சாத்தியது.

பாகங்களைப் பற்றிய வாக்கியம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், பொருளில் குறை இருக்கிறதா என்பதைச் சோதனையின்றி முடிவு செய்ய முடியாதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பழைய கிளட்ச் பிளேட் இரும்புக்கடைக்குப் போய்விட்டால் அனுப்புவதற்கு என்ன இருக்கும்? இந்தச் சட்டப்படி அவர் தான் குடியிருக்கும் சேலத்திலேயே டீலரையும் கம்பெனியையும் சேர்த்து எதிர்த் தரப்பாக்கலாம். காருக்கு அவர் கொடுத்தது எட்டு லட்சத்துச் சொச்சம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான தொகைக்கு ஆணையத்தில் கட்டணம் 200 ரூபாய்தான். புதுக் கார் வேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை. அதிலும் ஒரு தெளிவு இருந்தது: வாரண்டியின் கடமை குறைபட்ட பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான், காரையே மாற்றித் தருவதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. எது தனக்கு உரியதோ அதை மட்டும் கேட்டார். அதனால்தான் மறுப்பதற்கு எங்களிடம் வார்த்தை இல்லாமல் போனது.

ஜாப் கார்டுகளைக் கணினியில் தேடி எடுத்தபோது, மே மாதத்து 10,000 கிலோமீட்டர் சர்வீஸ் கார்டில் வாடிக்கையாளர் குறை என்ற இடத்தில் "வீட்டு வாசலில் ஆயில் சொட்டு" என்று இருந்தது. எதிரே, அடிப்பகுதியைத் துடைத்துப் பார்த்தோம், சரியாக உள்ளது என்று பதிந்திருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு வியர்த்தது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையமான கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீல் கசிந்தால், அந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் படும். பிளேட் பிடிக்காமல் வழுக்கும். சமதளத்தில் இன்ஜினுக்குப் பளு குறைவு என்பதால் வழுக்கல் தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும். மலை அந்தப் பழுதை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. மேலாளரிடம் கார்டைக் காட்டினேன். அந்த ஒரு நகலை மட்டும் தர வேண்டாம் என்றார். கார்டு ஆசிரியையின் காருக்கு உரியது, அவர் கேட்டதும் பதிவுத் தபாலில், நாளை ஆணையத்தில் இதே கார்டு வேறு வழியில் வந்தால் நாம் மறைத்தது என்றாகிவிடும் என்று சொல்லி, எல்லா நகல்களையும் உறையில் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு மேலாளருக்கு நான் மாறுபட்டுப் பேசியது அதுவே முதல் முறை.

மறு சனிக்கிழமை, ஆசிரியை நின்றுகொண்டிருக்க, மூத்த மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்கினார். ஓட்டும் முறையால் எரிந்த கிளட்சில், பிளேட்டின் மேல் பிடிமானம் தரும் லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்து போயிருக்கும். பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரமான ஃபிளைவீலில் சூட்டின் நீலத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் தெரியும். இங்கே லைனிங் தடிமனாகவே இருந்தது. அதன் மேல் கருத்துக் கண்ணாடிபோல் மினுங்கும் எண்ணெய்ப் படலம். கிளட்ச் இருக்கும் கூட்டின் உட்பக்கம் முழுவதும் ஈரம். மெக்கானிக் விரலால் தடவி, எதுவும் சொல்லாமல் அந்த விரலை என் பக்கம் நீட்டினார். ஆசிரியை எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். சீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் மூன்றுக்கும் நான் அனுப்பிய கிளைமைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. நான் அவ்வளவு அஞ்சிய டெபிட் வரவில்லை.

ஏறத்தாழ ஐந்து வாரம் அவர் பேருந்திலும் வாடகை வண்டியிலும் மலையேறிய செலவை நிலையம் தர மறுத்துவிட்டது. அது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பதை அவரிடம் சொன்னேன். பரீட்சை முடியட்டும் என்றார்.

காரை எடுக்க வந்த அன்று சாவியை வாங்குவதற்கு முன் இன்னொன்று கேட்டார். "தம்பி, எனக்கு ஓட்டத் தெரியலன்னு எழுதினீங்களே, அது உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கா?" பழைய பதிவை அழிக்க முடியாது, அதற்குக் கீழே சேர்க்கத்தான் முடியும் என்றேன். சேருங்கள் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். 'முந்தைய குறிப்பு பிரித்துப் பார்க்காமல் எழுதப்பட்டது, தவறு. பின்புற ஆயில் சீல் கசிவால் கிளட்ச் பிளேட் பழுது; ஓட்டுநர் மீது குறை இல்லை' என்று அவர் பார்த்திருக்க எழுதி, அச்செடுத்து, என் பெயரோடு கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.