எட்டு நாள் சேர்

வேதபாட சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஒருவர் மட்டும் "எட்டு நாள் போயிட்டாரோ?" என்று எழுதியிருந்தார். நம் வயதுக்காரருக்கு அது போதும். பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரசபை, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு எட்டு நாளுக்குள் அதைக் கொடுக்காவிட்டால் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவிட்டது. கொப்பி கொண்டுவராதவனுக்குச் சேர் கொடுக்கும் தவணையும் அதுதான்.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரை அவர் அரைப் பாடத்தில் முடித்துவிடுவார். அப்புறம் பள்ளித் தவணை ஒன்று முழுக்க சூரிச். அந்த ஊர்ச் சீர்திருத்தப் போதகர் சுவிங்கிளியோடு கூடியிருந்து வேதம் படித்த இளைஞர்கள்தான் கொன்ராட் கிரேபெலும் பீலிக்ஸ் மான்ஸும். படித்ததை அவர்கள் குருவைத் தாண்டிக் கொண்டுபோனார்கள்: தானாக அறிந்து விசுவசிக்கிறவனுக்கே ஞானஸ்நானம், பாலகனுக்கு அல்ல. ஜனவரி 21 இரவு கிரேபெல், வளர்ந்த ஆளான ஜோர்ஜ் பிளௌரொக்கின் தலையில் தண்ணீர் வார்த்தார். பழைய மாணவர்களால் இவ்வளவு தலையிடி பட்ட ஆசிரியர் சுவிங்கிளியாகத்தான் இருக்கும்; நம் சங்கம் மண்டபக் கணக்கோடு நிற்கிறது.

1527 ஜனவரி 5, இதற்காகவே மான்ஸை சூரிச்சின் லிம்மாட் ஆற்றில் அமிழ்த்தினார்கள். எப்படி என்று காட்ட சேர் மேடையிலேயே குந்தினார். முழங்காலைச் சுற்றிக் கைகளைக் கோர்த்து, இடுக்கில் பிரம்பைச் செருகச் சொன்னார். செருகியவன் நான். வெள்ளைக் காற்சட்டையில் சோக்குத்தூள், நெற்றியில் வேர்வை. அந்தக் கோலத்திலேயே என்னைக் கேட்டார்:

"நீர் ஞானஸ்நானம் எடுத்தனீரோ?"

"ஓம் சேர்."

"எப்ப?"

"மூன்றாம் மாசத்தில சேர்."

"நீர் கேட்டனீரோ?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. என் ஐயா சபை மூப்பர் என்பது எல்லாருக்கும் தெரியும். மணி அடிக்கும்வரை நின்றேன். பள்ளியின் பெரிய கிரிக்கெட் போட்டி முடியும்வரை என் பெயர் 'மூன்று மாசம்'.

1984இல் ஐயா காணியை ஈடுவைத்து, வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டினார். அப்போதும் யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து விட்ட ஊர் சூரிச். லிம்மாட் கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிய காலத்தில் சிகரெட் பிடிக்க வெளியே வந்தால் எதிரே அந்த ஆறு. சேர் சொன்னபோது காவேரி அளவுக்கு நினைத்திருந்தேன். அவ்வளவு இல்லை.

2004இல் மான்ஸுக்கும் அவருக்குப் பின் 1532 வரை அங்கே அமிழ்த்தப்பட்ட ஐந்து பேருக்கும் கரையில் நினைவுக்கல் வைத்தார்கள். சீர்திருத்த சபையே முன்நின்று மன்னிப்புக் கேட்டது. 2025இல் அந்த ஞானஸ்நானத்தின் ஐந்நூறாம் ஆண்டுக்கு, அவர்கள் வழிவந்த சபையாரான மென்னோனைட்டுகள் உலகமெங்குமிருந்து வந்து கிரோஸ்மூன்ஸ்டர் கோயிலை நிறைத்தார்கள். நம் பெடியன் ஒருவனுக்கு அன்று ட்ராமில் ஏற இடமில்லை என்று ஒரே கோபம்.

கல்லைப் படம் பிடித்துச் சேருக்கு அனுப்பியிருந்தேன். சிவப்பு மையில் பதில் வந்தது: "படம் கிடைத்தது. எழுத்துத் தெளிவில்லை, பெரிதாக்கி அனுப்பும். நீர் எப்ப வாறீர்?"

பெரிதாக்கி அனுப்பினேன். மற்றதற்கு, அடுத்த கோடை என்று எழுதினேன். பிறகு நத்தார் வாழ்த்திலெல்லாம் அதையே எழுதினேன். எட்டு நாள் தவணை கொடுத்துப் பழகியவர், எனக்கு மட்டும் நாள் குறிக்கவில்லை.