ஆர்டி 350-க்கு டிஸ்க் பிரேக்: ஃபோர்க்கை விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மாற்றாதீர்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராஜ்தூத் ஆர்டி 350-யின் முன் டிரம் பிரேக், ஊர் பேசுகிற அளவுக்கு மோசமில்லை. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்த வண்டியை இங்கே விற்க ஆரம்பித்தபோது, ஜப்பானில் ஓடிய யமஹா ஆர்டி 350-யின் முன் டிஸ்க்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர். எச்டி (ஹை டார்க்) மாடலில் 30.5 குதிரைத் திறன். ரோட்டில் மற்றதெல்லாம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இப்படியொரு இன்ஜினையும் டிரம் பிரேக்கையும் சேர்த்துக் கொடுத்ததால்தான் வண்டிக்கு அந்தக் கெட்ட பெயர். ஆனால் அது சாதாரண டிரம் இல்லை. உள்ளே இருக்கிற இரண்டு ஷூவும் (டிரம்மை உரசி நிறுத்தும் வளைந்த கட்டைகள்) சக்கரம் சுற்றும் திசையிலேயே கடிக்கிற அமைப்பு, இரண்டுக்கும் ஷூவைத் தள்ளுகிற தனித்தனி கேம். டிரம்மின் சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், சரியாக இருந்தால் நல்ல கடி கிடைக்கும்.

சரியாக இருந்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு கேம் லீவரையும் இணைக்கிற கம்பி கொஞ்சம் நீளமாகவோ குட்டையாகவோ இருந்துவிட்டால் ஒரு ஷூ மட்டும்தான் வேலை செய்யும், மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும். நான் பார்த்த ஆர்டிகளில் முக்கால்வாசி அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பியைக் கழற்றி, ஒவ்வொரு லீவரையும் தனியாக அழுத்தி, ஷூ டிரம்மைத் தொடுகிற இடத்தை அடையாளம் வைத்து, அதன் பிறகு கம்பியின் நீளத்தைப் பொருத்த வேண்டும். ஷூவில் புது லைனர் (உரசும் பட்டை) ஒட்டினால் அந்த டிரம்மின் விட்டத்துக்கே லேத்தில் ஷூவைக் கடைந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் டிஸ்க்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு இதுவே போதும்.

எனக்குப் போதாமல் போனது மலையில். ஏலகிரியில் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஆர்டி மாதிரி சந்தோஷம் கிடையாது. இறங்கும்போதுதான் கஷ்டம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி பெரிதாகப் பின்னால் இழுக்காது. அதைவிட முக்கியமான விஷயம், ஆர்டியின் ஆட்டோலூப் என்கிற ஆயில் பம்ப் இன்ஜின் வேகத்தோடு ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் ஆயில் விடும். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு சின்ன கியரில் இன்ஜினை அலறவிட்டு இறங்கினால் பிஸ்டனுக்குக் கிடைக்கிற ஆயில் மிகக் குறைவு. அதனால் இறக்கத்தில் இன்ஜினை நம்பாமல் பிரேக்கை நம்பித்தான் வர வேண்டும். டிரம் சூடானால் விரியும், ஷூவை விட்டு விலகும், லீவர் கைப்பிடியை நோக்கி வந்துகொண்டே இருக்கும். டிஸ்க்கில் அந்தப் பிரச்சினை இல்லை. தகடு சூட்டில் தடித்தால் அதை இருபுறமும் கவ்வுகிற பேடை நோக்கித்தான் வரும்.

ஆக, டிஸ்க் வேண்டும். ஆனால் டிஸ்க் மட்டும் போதாது. இந்தப் பதிவை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

ஒரு சின்ன கணக்கு. வண்டியும் நானும் சேர்ந்து சுமார் 230 கிலோ. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 1,320 மில்லிமீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 600 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வண்டியின் வேகத்தைக் குறைத்தால், பின்னாலிருந்து முன்னால் போகிற எடை 230 × 0.7 × 600 ÷ 1,320. சுமார் 73 கிலோ. பிரேக் பிடித்த நொடியில் ஒரு முழு ஆள் முன் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. ஆர்டியின் ஒல்லியான ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாய்), வயதான ஸ்பிரிங்கோடு, அடிவரை போய் இடிக்கும். இடித்த பிறகு ரோட்டில் ஒரு சின்ன மேடு வந்தால்கூட டயரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. டிரம் இருந்தவரை இது தெரியாமல் இருந்தது, ஏனென்றால் அது அந்த அளவுக்கு வண்டியை நிறுத்தவே இல்லை. நல்ல பிரேக் வந்தால் ஃபோர்க்கின் பலவீனம் உடனே வெளியே வந்துவிடும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடையில் கேட்டபோது கடைக்கார பாய் சுலபமான வழி ஒன்று சொன்னார். "தம்பி, உன் ஃபோர்க் பாட்டத்துலயே ஒரு லக் வெல்டு வெச்சு காலிப்பர மாட்டிடலாம். நெறைய பேருக்குப் பண்ணிக் குடுத்திருக்கோம்." ராஜ்தூத்தின் ஃபோர்க் பாட்டத்தில், அதாவது ஃபோர்க்கின் அடிப்பகுதி வார்ப்பில், காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) மாட்டுவதற்கான லக் என்கிற இடமே கிடையாது, அதனால் வருகிற யோசனை இது. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் அம்பத்தூரில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தர ஆய்வில் இருப்பவன். வார்ப்பு அலுமினியத்தில் வெல்டு வைத்தால் அதைச் சுற்றியுள்ள இடம் வலு குறையும், உள்ளே பைப் ஓடுகிற துளையும் கோணும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த லக் முறுக்கப்படும். ஒரு நாள் பிய்த்துக்கொண்டு ஸ்போக்குக்குள் போனால் யாரும் எழுந்து வர முடியாது. தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள்.

நான் எடுத்தது யமஹா எஃப்இசட் 16-இன் முன் பகுதி மொத்தமும். ஃபோர்க், மேல் பிளேட், டி-ஸ்டெம் (ஃபோர்க்கைச் சட்டகத்தோடு இணைக்கிற, தண்டு கொண்ட கீழ்ப் பிளேட்), சக்கரம், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் (லீவர் பக்கத்தில் திரவத்தைத் தள்ளும் பகுதி) எல்லாம் ஒரே வண்டியிலிருந்து. 2008-ல் அந்த வண்டி வந்தபோது 41 மில்லிமீட்டர் ஃபோர்க் பைப் இங்கே பெரிய விஷயம். 267 மில்லிமீட்டர் டிஸ்க். ஒரு டிஸ்க் போதுமா என்று கேட்கிறவர்களுக்கு: ஜப்பானில் விற்ற ஆர்டி 350-க்கும் முன்னால் ஒரே டிஸ்க்தான்.

பழைய ஃபோர்க் வாங்கும்போது கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. பைப்பைக் கழற்றி இரண்டு வி-பிளாக்கின் மேல் வைத்து, நடுவில் டயல் கேஜை (சின்ன வளைவையும் முள்ளால் காட்டும் கருவி) நிறுத்தி மெதுவாக உருட்டினேன். முதல் ஜோடியில் ஒரு பைப்பின் முள் அரை மில்லிமீட்டருக்குப் போய்த் திரும்பியது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்த பைப் அது. வளைந்ததை அழுத்தி நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று வேறு ஜோடி தேடினேன். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அதோடு, ஆயில் சீல் ஓடுகிற இடத்தில் நகத்தை வைத்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். குரோம் உரிந்த ஒரு சின்னப் புள்ளி நகத்தில் மாட்டினாலும், அது எத்தனை புது சீல் போட்டாலும் கிழித்துக்கொண்டே இருக்கும்.

எஃப்இசட்டின் ஸ்டெம் தண்டு ஆர்டியின் சட்டகத்துக்குள் அப்படியே உட்காராது. பழைய தண்டை பிரஸ்ஸில் வெளியே தள்ளிவிட்டு, ஆர்டியின் கோன் செட் (கைப்பிடி திரும்ப உதவும் பேரிங்) அளவுக்கு இஎன் 24 என்கிற வலுவான எஃகுக் கம்பியில் புதுத் தண்டு கடைந்தோம். இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. தண்டின் அடியில், துளையைவிடப் பெரிதாக ஒரு தோள் விட்டு, கீழிருந்து மேலே அழுத்திப் பொருத்த வேண்டும். பொருத்தம் என்றைக்காவது தளர்ந்தாலும் தண்டு டி-யை விட்டு உருவிக்கொண்டு வராது. லேத் அண்ணன் முதலில் வெல்டு வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். "அண்ணே, இதுல என் உயிரு தொங்குது" என்றதும் ஒன்றும் பேசாமல் கம்பியைச் சக்கில் மாட்டினார். ஃபோர்க்கைவிட இந்தத் தண்டுக்குத்தான் அதிகம் செலவானது.

அடுத்தது டிரெயில். ஆர்டியின் முன் சக்கரம் 18 அங்குலம், எஃப்இசட்டுடையது 17. தண்டின் சாய்வை ஒரு நூலால் தரைவரை நீட்டி, ஆக்சிலிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால், தரையில் இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளிதான் டிரெயில். அது குறைந்தால் வண்டி சுருக்கெனத் திரும்பும், ஆனால் வேகத்தில் கைப்பிடி ஆட ஆரம்பிக்கும். எனக்கு எட்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. பைப்பை மேல் பிளேட்டோடு சமமாக இறக்கி வண்டியின் மூக்கைக் கொஞ்சம் தூக்கியதில் பாதி திரும்பக் கிடைத்தது. மாற்றுவதற்கு முன்பே பழைய அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு எதோடு ஒப்பிடுவது?

இப்போது ஸ்பிரிங். எஃப்இசட் ஆர்டியைவிட எடை குறைந்த வண்டி. பைப்பில் ஒரு கேபிள் டை கட்டி, நான் வண்டியில் உட்கார்ந்து, நண்பர் அளந்தபோது ஃபோர்க் அமுங்கக்கூடிய 130 மில்லிமீட்டர் ஓட்டத்தில் 48 என் எடைக்கே போய்விட்டது. 35-க்கும் 40-க்கும் நடுவில் நின்றால் நல்லது. எல்லோரும் செய்வது பிவிசி பைப்பை வெட்டி ஸ்பிரிங்கின் மேல் வைப்பது. நானும் வைத்தேன், அளவு சரியானது. ஆனால் பிவிசி துண்டு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, உயரத்தை மட்டும்தான் தூக்கும். பிரேக் பிடித்தால் முன்பு எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியதோ அத்தனை மில்லிமீட்டர் அமுங்கத்தான் செய்யும். முன் இறக்கத்தைக் குறைத்தது ஆயில். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை அளக்க வேண்டும். அந்தக் காற்று இடைவெளியை ஐந்து ஐந்து மில்லிமீட்டராகக் குறைத்தேன். உள்ளே இருக்கிற காற்றுக்கு ஒடுங்க இடம் குறையும்போது, ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் ஃபோர்க் தானாக இறுகும். ஆரம்பப் பகுதி மெத்தென்றே இருக்கும். கெட்டி ஆயிலை ஊற்றி எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்குவதைவிட இது நல்ல வழி. நம் ஊர் குண்டு குழிகளில் கெட்டி ஆயில் மணிக்கட்டை உடைக்கும்.

மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. பெரிய பைக்கின் பெரிய மாஸ்டர் போட்டால் பிரேக் பலமாகும் என்று. நேர் எதிர். 14 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 16 போட்டால் பரப்பு 30 சதவீதம் கூடும், அதே விரல் அழுத்தத்துக்குக் காலிப்பருக்குப் போகிற அழுத்தம் நாலில் ஒரு பங்குக்குக் கிட்ட குறையும். லீவர் கல் மாதிரி இருக்கும், நிறைய பேர் அதைத்தான் நல்ல பிரேக் என்று நினைக்கிறார்கள். காலிப்பரோடு வந்த மாஸ்டரையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியது ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டதும் லீவரில் வந்த தெளிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஹோஸை மாட்டும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர்களைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

ஏர் எடுப்பது, அதாவது பிரேக் திரவத்துக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றுவது, பொறுமை வேலை. லீவரை அழுத்தி காலிப்பர் நிப்பிளைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன், கடைசி மெத்தெனும் உணர்வு போகவே இல்லை. பிறகு காலிப்பர் நிப்பிளில் ஊசி மருந்துக் குழலை மாட்டிக் கீழிருந்து மேலாகத் தள்ளினேன். ஹோஸை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டத் தட்ட, மாஸ்டரின் கிண்ணத்தில் கடுகளவு குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வெடித்தன. அதன் பிறகு லீவர் இறுகியது. டாட் 4 பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை இழுத்துவிட்டால் 155 வரைக்கும் இறங்கலாம். சென்னைக் காற்றில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதி தீர்ந்த பழைய பாட்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆக்சிலைப் பூட்டும்போது அதைக் கவ்விப் பிடிக்கிற பிஞ்ச் போல்ட்டைக் கடைசியில் இறுக்குங்கள். அதற்கு முன் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை நாலைந்து முறை அமுக்கி எடுத்தால் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் தாமாக நேராகும். இதைச் செய்யாமல், புது ஃபோர்க் இறுக்கமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய.

புது பேடைப் பழக்கிய பிறகு ஏலகிரி போய் வந்தேன். மேலிருந்து கீழ்வரை லீவர் ஒரே இடத்தில் நின்றது. வளைவுக்குள் பிரேக்கைத் தொட்டபடி நுழையும்போது மூக்கு நிதானமாக இறங்கி நிற்கிறது, டயர் என்ன செய்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது. இந்த வண்டியில் எனக்கு இது புதிது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் சட்டகத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை, எதையும் வெட்டவில்லை. பழைய ஃபோர்க், டிரம் ஹப், ஸ்போக் சக்கரம் எல்லாம் கிரீஸ் தடவி, பெயர் எழுதி, பெட்டியில் இருக்கின்றன. எஃப்சி நாளுக்கு மட்டுமில்லை, அந்த ஸ்போக் சக்கரத்தோடு ஆர்டி நிற்கும் அழகு எனக்குத் தேவை. அலாய் சக்கரம் அந்த டேங்குக்குப் பொருந்தவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

ஸ்பீடோமீட்டர் இன்னும் முடியவில்லை. டிரம் ஹப்பிலிருந்துதான் அதன் கேபிள் வந்துகொண்டிருந்தது, இப்போது சும்மா தொங்குகிறது. சக்கரத்தில் காந்தம் வைத்து எடுக்கிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைவிட அவசரம் பின் ஷாக். முன்பக்கம் திருத்தமானதும், கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் லேசாகத் துள்ளுவது நன்றாகவே தெரிகிறது. ஷாக்கின் கண்ணுக்குக் கண் (போல்ட் மாட்டும் துளைகளுக்கு நடுவே) எவ்வளவு நீளம் என்று அளந்துவிட்டேன், அதே நீளத்தில் ரீபவுண்டு (அமுங்கிய ஷாக் திரும்ப விரியும் வேகம்) மாற்றக்கூடிய ஜோடி தேடுகிறேன். ஆர்டியில் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எதைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.