ஃபுல் டேங்க் அடித்தால் மட்டும் வாடை

எங்கள் வேனில் பெட்ரோல் கசிகிறது என்று நம்பவே கொஞ்ச நாள் ஆனது. நாங்கள் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள். பின்னால் அண்டா, அடுப்போடு சிலிண்டரும் ஏறும். அதனால் வண்டிக்குள் எது நாறினாலும் சந்தேகம் முதலில் சிலிண்டர் மேல்தான். வால்வில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், குமிழ் வரவில்லை. சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு ஓட்டியபோதும் வாடை அப்படியே இருந்தது. காஸ் வாடை எங்களுக்குத் தெரியாததா? இது வேறு, சுரீரென்று மூக்கில் ஏறும் பெட்ரோல்.

வண்டி கார்புரேட்டர் காலத்தது, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பழைய கருவி உள்ளது. முன் சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின். எந்த மாடல் என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இந்த அமைப்பில் உள்ள சிக்கல், வாடை என்றாலே எல்லோரும் சீட்டைத் தூக்கிக் கார்புரேட்டரைக் காட்டுவார்கள். சென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலும் "ஓவர்ஃப்ளோ ஆகுது" என்று சொல்லி நீடில், கேஸ்கெட் எல்லாம் மாற்றினார்கள். வாடை போய்விட்டது. அப்புறம் ஒரு கல்யாண ஆர்டருக்காக டேங்கை நிரப்பினோம், திரும்ப வந்துவிட்டது. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியதும் தானாக நின்றது.

என் வீட்டுக்காரர் கார்புரேட்டரை மறுபடி பிரிக்கச் சொல்லலாம் என்றார். எனக்கு ஒப்பவில்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது கார்புரேட்டருக்கு எப்படித் தெரியும்? பம்ப் அனுப்புவதை அது வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் கசிகிறதென்றால் ஓட்டை டேங்கின் மேல்பக்கம்தான் எங்கோ இருக்க வேண்டும். மேம்பாலம் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் வாடை தூக்கலாக இருந்ததும் அதற்குப் பொருந்தியது.

இதை அப்படியே புதுப்பேட்டையில் ஒரு பாயிடம் போய்ச் சொன்னேன். பழைய வேன்களையே பார்த்துப் பார்த்துத் தலை நரைத்தவர். "நீங்க சொல்றது சரிம்மா. ஊத்துற வாய்ப்பக்கம் பாப்போம்" என்றார். தரையில் ஒரு சொட்டுகூட இல்லையே என்று கேட்டேன். "இந்த வெயில்ல அது எங்க கீழ விழும்? வழியிலேயே ஆவியாயிடும்" என்றார். உண்மைதான். சொட்டைத் தேடினால் கிடைக்காது, ஈரத்தைத்தான் தேட வேண்டும்.

அதற்கு அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. டேங்கை நிரப்பி வரச் சொன்னார். வண்டிக்கு அடியில் படுத்து, ஹோஸ், கிளாம்ப், டேங்கின் மேல் விளிம்பு எல்லாவற்றிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டினோம். பவுடர் எல்லா இடத்திலும் வெள்ளையாக இருக்க, பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ஹோஸில் மட்டும், கிளாம்புக்கு ஒட்டினாற்போல ஒரு இடம் கறுத்தது. வெடிப்பு சேஸிஸ் பக்கம் திரும்பி இருந்ததால் நேராகப் பார்க்க முடியவில்லை, சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டித்தான் பார்த்தோம். பக்கத்தில் ஓடும், டேங்கின் காற்று வெளியேறும் மெல்லிய பிரீதர் ஹோஸும் போயிருந்தது. கழற்றியபோது அது அப்பளம்போல் கையில் நொறுங்கியது.

இதைப் பார்த்ததும் அங்கே நின்ற ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் வெடிப்பின் மேல் பசை அப்பி டேப் சுற்றச் சொன்னார். இன்னொருவர் அடுப்புக்குப் போடும் காஸ் டியூபை வெட்டிச் செருகலாம் என்றார், அதுவும் எங்களிடம்! காஸ் டியூப் காஸுக்குச் செய்தது. பெட்ரோலை அது தாங்கும் என்று நம்ப முடியாது. அதைவிட மோசம், டேங்கில் இருந்த துருப் புள்ளிக்கு "வெல்டிங் வெச்சிடலாம்" என்ற பேச்சு. காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். பாய் சிரித்துக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தார். மேல் துரு மட்டும்தான், தகடு கெட்டியாகவே இருந்தது. பெயின்ட்டோடு முடிந்தது.

டேங்கை இறக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். பையன் கொண்டுவந்த ஒயர் பல்பைத் திருப்பி அனுப்பிவிட்டு எல்இடி டார்ச் கேட்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அதனால் பக்கத்து டீக்கடையில் நின்று பீடி பிடித்தவரையும் தள்ளிப் போகச் சொன்னார். எங்கள் சமையல் வேலைக்கு வைத்திருக்கும் பவுடர் தீயணைப்பானை நானே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும்.

ஹோஸ் வாங்க, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போனேன். ஃபியூயல் ஹோஸ் என்று கேட்டாலும் கையில் கிடைத்த ரப்பரை எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். எங்கள் வண்டிபோல் அழுத்தம் குறைந்த கார்புரேட்டர் லைனுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்ற தரக் குறியீடு உள்ள ஹோஸ் போதும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்பின் அழுத்தம் பல மடங்கு, அதற்கு ஆர்9 வேண்டும். கிளாம்பிலும் விஷயம் இருக்கிறது. பட்டையில் வெட்டு வெட்டாக இருப்பதை இறுக்கினால் அது ரப்பரைக் கடிக்கும். உள்பக்கம் வழவழப்பாக இருப்பதாகக் கேட்டு வாங்கினேன். பழையது வெடித்ததும் கிளாம்ப் கடித்த இடத்தில்தான்.

டேங்க் இறங்கியிருக்கும்போதே எல்லா ரப்பரையும் மாற்றச் சொல்லிவிட்டேன். பம்புக்குப் போகும் லைன், ரிட்டர்ன் லைன், ஃபில்டர், டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவை மீட்டர் முள்ளுக்குச் சொல்லும் ஃப்ளோட்டின் கேஸ்கெட், எல்லாம். பொருளுக்கு ஆன செலவு கொஞ்சம்தான், கூலிதான் அதிகம். இன்னொரு முறை டேங்கை இறக்க அதே கூலியை யார் கொடுப்பது?

ஏன் இப்படி ஆனது என்பதில் பாய்க்கும் வீட்டுக்காரருக்கும் தனி வாக்குவாதம். எல்லாம் எத்தனாலால்தான் என்பது பாயின் கட்சி. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் வரத் தொடங்கியது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் சொன்னது. ஆனால் எங்கள் வண்டி நிற்பது கடற்கரை ஓரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதன் அடிவயிறு வரை தண்ணீர் நின்றது. ரப்பருக்கு வயசும் இருபதுக்கு மேல். எத்தனால் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

பூட்டி முடித்ததும் மறுபடி நிரப்பினோம். பங்கில் தானாகக் கட் ஆனதோடு நிறுத்தச் சொன்னேன், அதற்குமேல் ஊற்றினால் பிரீதர் ஹோஸில்தான் போய் நிற்கும். மறுபடி பவுடர் தூவி, மின்ட் மேம்பாலம் ஏறி இறங்கி வந்து பார்த்தோம். எங்கும் ஈரம் இல்லை. ஒரே ஒரு குறை. ஃப்ளோட்டைத் திரும்ப மாட்டும்போது கம்பி லேசாக வளைந்திருக்க வேண்டும், ஃபுல் டேங்க் அடித்தாலும் முள் முக்காலில் நிற்கிறது. இதற்காக இன்னொரு தடவை டேங்கை இறக்க மாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். எனக்கும் சம்மதம்தான், கிலோமீட்டர் கணக்கு வைத்துப் பெட்ரோல் போட்டுக்கொள்கிறோம்.