நான்கு நாள் லாபம்

1989 மார்ச் 24ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் ‘எக்ஸான் வால்டீஸ்’ கப்பல் பாறைத்திட்டில் மோதியதால், ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்களும் கடலோர மக்களுமாகச் சுமார் 32,000 பேர் சார்பில் நடந்த வழக்கில், 1994இல் ஜூரிகள் எக்ஸான் நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தனர். நிறுவனம் மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்தது. 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தொகையை 50.75 கோடி டாலராகக் குறைத்தது. அதே ஆண்டில் எக்ஸான்மொபில் ஈட்டிய லாபம் சுமார் 4,520 கோடி டாலர். வகுத்துப் பார்த்தபோது என் மனம் கனத்தது. வட்டி நீங்கலாக, அந்தத் தண்டம் நிறுவனத்தின் நான்கு நாள் லாபம்.

கரையைத் துப்புரவு செய்ய நிறுவனம் 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கொட்டியதை அள்ளுவது கடமை. அதைத் தண்டனையாகக் கணக்கில் சேர்க்க முடியாது. கார்டோவா என்னும் சிற்றூரில், கடன் வாங்கிப் படகும் மீன்பிடி உரிமமும் வாங்கியிருந்தவர்களுக்குத் தவணை நிற்கவில்லை. 1993இல் அங்கே ஹெர்ரிங் மீன்வளம் சரிந்தது. அதில் எண்ணெய்க் கசிவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். மீனவருக்கோ எந்தக் காரணமானாலும் வலை வெறுமைதான். இறுதித் தீர்ப்பு வருவதற்குள், இழப்பீட்டுக்குக் காத்திருந்தவர்களில் பலர் இறந்துபோயினர். ஒரு வழக்கு இருபது ஆண்டு நீண்டால், பெரிய நிறுவனத்துக்கு அது கணக்கேட்டில் ஒரு வரி. மீனவருக்கோ உழைத்துச் சம்பாதிக்கும் பருவம் முழுவதுமே அதில் போய்விடுகிறது.

இதைப் படித்த பிறகுதான் நான் என் பெட்ரோல் செலவை எழுதிவைக்கத் தொடங்கினேன். மாதம் 22 லிட்டர் ஊற்றிய வண்டிக்கு இப்போது 7 லிட்டர் போதுமானதாக இருக்கிறது. அலுவலகத்துக்கு மின்சார ரயிலில் போகிறேன். காய்கறிக் கடைக்கும் நூலகத்துக்கும் நடக்கிறேன். மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கு மட்டும் வண்டியை நம்பியிருக்கிறேன், அதை விட முடியவில்லை. இந்தக் குறைப்பை நான் மனப்பூர்வமாகவே செய்கிறேன். ஆயினும் இது நிறுவனத்தின் பொறுப்பைத் துளியும் குறைப்பதில்லை. ஒருவரின் அன்றாட வாழ்க்கையால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவைக் குறிக்கும் ‘கார்பன் தடம்’ என்ற சொல்லைப் பரப்பியதில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு; அவரவர் தடத்தைக் கணக்கிடும் கருவியை 2004இல் அதுவே இணையத்தில் வைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, மெக்சிகோ வளைகுடாவில் அந்நிறுவனத்தின் எண்ணெய்க் கிணற்றில் நேர்ந்த வெடிப்பில் 11 தொழிலாளர்கள் இறந்தனர். 87 நாள் எண்ணெய் கடலில் பாய்ந்தது. அந்தக் கிணற்றின் அடைப்புச் சோதனை சரியாக நடந்ததா என்பதை, நான் வண்டி ஓட்டும் தூரம் தீர்மானிக்கவில்லை.

அலாஸ்காவில் எனக்கு நம்பிக்கை தருவது தண்டத்தொகை அல்ல, 1990இல் இயற்றப்பட்ட எண்ணெய் மாசுச் சட்டம். எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வேண்டும் என்று விதித்த அதே சட்டம், கடலோர ஊர்களும் மீனவர்களும் பழங்குடியினரும் அமர்ந்து கண்காணிக்கும் குடிமக்கள் குழுவுக்கும் இடம் தந்தது. கப்பல்களில் எண்ணெய் ஏற்றும் முனையத்தை நடத்தும் நிறுவனமே குழுவின் செலவைத் தருகிறது. ஆனால் குழு சொல்வதைக் கட்டுப்படுத்தும் உரிமை அதற்கு இல்லை.

எண்ணூரை நினைக்கும்போது இந்த ஏற்பாட்டின் அருமை புரிகிறது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையொதுங்கிய எண்ணெயை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்தை நிறைத்தபோதும் மீனவர்களே படகில் போய் அள்ளினார்கள். அள்ளுவதற்கு அழைக்கப்படுகிறவர்கள், ஆலைகளின் வடிகாலையும் குழாயையும் சோதிக்கும் இடத்துக்கும் அழைக்கப்பட வேண்டும். அந்தச் சோதனை அறிக்கை, ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, தமிழில், அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.