பழுப்பு ஏரி நீரில் பெராக்சைடு: மூன்றாவது முயற்சி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள முஸ்கோக்கா பகுதியில் நான் நீர் எடுக்கும் சிறிய ஏரி, சுற்றியுள்ள சதுப்பு நிலங்களிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருளால் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கிறது. அப்பொருள் வெயிலின் புறஊதாக் கதிரை உறிஞ்சி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்க, முதலில் சூப்பர் ஆக்சைடும் அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. வெயில் பட்ட நீரில் இது நடப்பதைக் கூப்பர், ஜிகா என்னும் ஆய்வாளர்கள் 1983இலேயே காட்டிவிட்டார்கள் என்றாலும், என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கோடைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தேன்.

முதல் முயற்சியில் பயன்படுத்திய சோதனைத் தாள், லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழ் எதையும் காட்டாது. அது ஏறத்தாழ 15,000 நானோமோலார் (ஒரு நானோமோலார் என்பது லிட்டருக்கு ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு). ஏரிகளில் இருப்பதோ பெரும்பாலும் சில நூறு நானோமோலார்தான். எனவே டிபிடி என்னும் சாயமூலத்தையும் பெராக்சிடேஸ் நொதியையும் கலந்து இளஞ்சிவப்பு நிறம் வரவழைக்கும் முறைக்கு மாறினேன். 200 நானோமோலார் பெராக்சைடு, ஒரு சென்டிமீட்டர் குப்பியில் 0.008 என்ற உறிஞ்சல் அளவுக்கே (ஒளியில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு) ஒளியை உறிஞ்சும் என்பதால், கறுப்புத் தாள் சுற்றிய 10 சென்டிமீட்டர் குழாய், பச்சை எல்இடி, ஒளியுணரி ஆகியவற்றைக் கொண்டு நானே ஒரு மானி செய்துகொண்டேன்.

இரண்டாவது முறை, நண்பகலில் எடுத்த நீரை மூன்று மணி நேரம் காரில் கொண்டுவந்து வீட்டில் அளந்தபோது, நிறம் வரவே இல்லை. மருந்துக்கடைப் பெராக்சைடை நீர்த்துச் சோதித்தால் பளிச்சென்று சிவந்தது. ஆகவே, என் சோதனைக் கரைசலில் குறையில்லை. ஏரி நீரிலுள்ள பாக்டீரியாக்கள் கேட்டலேஸ் போன்ற நொதிகளால் பெராக்சைடைச் சிதைக்கும் என்பதைப் படித்திருந்தும், அந்தப் பயணத்தின்போதே அது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்ற சனிக்கிழமை மானியைக் கரைக்கே கொண்டுபோனேன். நண்பகல் நீரை உடனே அளந்தபோது, வெள்ளைத் தாளின் மேல் பிடித்தால் மட்டும் தெரிகிற மெல்லிய ரோஜா நிறம் வந்தது. அந்த நிறத்துக்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன். பிறகு அதே நீரில் ஒரு பங்கை அப்படியேயும், இன்னொரு பங்கை பாக்டீரியாக்களை நீக்கும் 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்தும் இருட்டில் வைத்தேன். கேட்டலேஸ் சேர்த்த மூன்றாவது பங்கு, பெராக்சைடு அல்லாதவற்றால் வரும் நிறத்தைக் கழிப்பதற்கானது. மாலையில் வடிக்காத நீர் ஏறக்குறைய அந்த மூன்றாவது பங்கின் அளவுக்கே இறங்கிவிட்டிருந்தது. வடித்த நீரோ மறுநாள் காலையிலும் தெளிவாகச் சிவந்தது.

அடுத்ததாக, வடித்த நீரைக் கண்ணாடிக் குப்பியிலும் மெல்லிய பாலித்தீன் பையிலும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வைத்து, கண்ணாடி தடுக்கும் புறஊதாக் கதிரால் எவ்வளவு உருவாக்கம் குறைகிறது என்று பார்க்கப்போகிறேன்.