குழலைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு சின்னச் சந்தை ஊர். அங்கே நான்கு தலைமுறையாகத் துப்பாக்கிக் கடை நடத்திய ஒரு குடும்பத்தின் வாரிசு எங்கள் தெருக்காரர், எண்பதைத் தாண்டியவர். நான் ஊர் வரலாற்றுக் குழுவில் இருப்பது தெரிந்ததும், கடையின் கதையைத் தேடி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். குடும்பப் பெயர் மட்டும் வெளியே வேண்டாம் என்றார், அதனால் இங்கும் அது இல்லை.

அவர் கையில் இருந்தவை இரண்டு துப்பாக்கிகளும் கடையின் பழைய ரசீது ஒன்றும்தான். ரசீதின் தலைப்பில் '1790-ல் நிறுவப்பட்டது' என்று அச்சிட்டிருந்தது. அதோடு ஒரு குடும்ப நம்பிக்கை: கடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் முன்னோர்கள் ஒவ்வொரு துப்பாக்கியையும் குழல் முதல் கட்டை வரை தம் கையாலேயே செய்தார்கள் என்று.

ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன் துப்பாக்கியையே விசாரித்துவிடுவது நல்லது. குழலின் மேலே பொறித்திருக்கும் பெயரும் தெருவும் வாங்குகிறவருக்கான விளம்பரம். விவரமெல்லாம் அடிப்பக்கத்தில் இருக்கும். பெரியவரிடம் உரிமம் இருக்கிறது, அவரே குழலைக் கழற்றித் துடைத்து ஜன்னலோரம் வைத்தார். இரண்டாவது துப்பாக்கி தோட்டா போடும் இரட்டைக் குழல், 12 போர் (போர் என்பது குழல் வாயின் அளவு). அதன் குழலடியில் கிரீடமும் அதற்குக் கீழே குறுக்காக இரண்டு செங்கோலும். இது 1813 முதல் 1904 வரை பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் குத்திய முத்திரை. குழலில் வழக்கத்தைவிட அதிகமாக வெடிமருந்து கெட்டித்து வெடித்துப் பார்த்து, வெடித்துச் சிதறாத குழலுக்கு மட்டும் அங்கே முத்திரை தருவார்கள். பக்கத்திலேயே இன்னொரு குத்து: 'குண்டுக்கு அல்ல'. வாய் குறுகிய குழலில் ரவை (பொடி ஈயக் குண்டுகள்) மட்டும்தான் போடலாம், ஒற்றைக் குண்டு போட்டால் ஆபத்து என்ற எச்சரிக்கை அது. இந்த வாசகம் 1875 முதல் 1887 வரைதான் புழக்கத்தில் இருந்தது, அதன் பிறகு வேறு குறியீடு வந்துவிட்டது. ஒரு காகிதத்தையும் தொடாமலே பன்னிரண்டு வருட வரம்புக்குள் துப்பாக்கி வந்துவிட்டது.

முதல் துப்பாக்கி பழையது, முன்வாயில் மருந்து கெட்டிப்பது. கேப்பு (அடித்தால் வெடிக்கும் மருந்து வைத்த சின்ன உலோக மூடி) வைத்துச் சுடும் ரகம்தான், ஆனால் லாக் எனும் சுடும் பொறியின் தகட்டைச் சாய்த்துப் பார்த்தால் பழைய திருகு ஓட்டைகளை அடைத்துத் தேய்த்த தடம் தெரிந்தது. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியாகப் பிறந்து, பின்னால் கேப்புக்கு மாற்றப்பட்டது. அடித்தால் வெடிக்கும் மருந்துக்கு 1807-ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். கல்லில் பொறி பறப்பதைப் பார்த்ததுமே பறவைகள் தப்பிவிடுகின்றன என்பது அவர் பிரச்சினை. கேப்பு பரவலானது 1820-களுக்குப் பிறகு. அப்படியென்றால் இந்தத் துப்பாக்கி அதற்கு முந்தியது, மாற்றும் வேலை அதற்குப் பிந்தியது.

பர்மிங்காம் முத்திரை இருப்பதால் மட்டும் துப்பாக்கி பர்மிங்காமில் செய்தது என்று சொல்லிவிட முடியாது. 1813 சட்டத்தின்படி இங்கிலாந்தில் எந்த ஊரில் குழல் செய்தாலும் லண்டனுக்கோ பர்மிங்காமுக்கோ அனுப்பிச் சோதித்தே ஆக வேண்டும். ஊரில் அடித்த குழலும் அங்கே போய்த்தான் வந்திருக்கும். ஆனால் 12 போரின் லாக்கைத் திறந்ததும் உள்பக்கத்தில் பிரேசியர் என்ற பெயர். வுல்வர்ஹாம்ப்டனில் லாக் செய்வதற்கென்றே பேர்பெற்ற பட்டறை அது, லண்டனின் பெரிய கடைகளே அங்கே வாங்கின. ஆக, லாக் இந்த ஊர் வேலை இல்லை என்பது உறுதி. மற்றதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் முதலில் வணிக டைரக்டரிகள். ஊர்வாரியாகக் கடைக்காரர் பெயர்களைத் தொகுத்து அக்காலத்தில் அச்சிட்ட புத்தகங்கள். லிங்கன்ஷயருக்கு வில்லியம் வைட் போட்டவை 1826, 1842, 1856, 1872 ஆண்டுகளுக்குக் கிடைக்கின்றன. லெஸ்டர் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட டைரக்டரிகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இவற்றை வரிசையாகப் பார்த்தபோது ஒரே பெயர் பல பத்து வருடம் கடை நடத்தியதுபோல் தெரிந்தது. தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் ஒரே பெயர். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம், இங்கே அப்பனுக்கும் மகனுக்குமே வைத்துத் தேடுகிறவனைச் சாகடிக்கிறார்கள்.

அதைப் பிரிக்க உதவியது கையெழுத்து. 1754-லிருந்து திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம். லிங்கனில் மாவட்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது, பழைய திருச்சபைப் பதிவேடுகளும் 1858-க்கு முந்தைய உயில்களும் அங்கே. உயில் என்றால் பதிவேட்டில் எழுத்தர் எடுத்த நகல் போதாது, மூல உயிலைக் கேட்டு வாங்க வேண்டும்; அதில்தான் அவரவர் கையெழுத்து இருக்கும். திருமணப் பதிவேட்டையும் உயிலையும் அருகருகே வைத்ததும் விஷயம் தெளிந்துவிட்டது. முதலாமவரின் முதலெழுத்து பெரிய வளையத்தோடு இருக்கும், இரண்டாமவர் பள்ளிக்கூடப் பையன்போல் நேராக எழுதியிருக்கிறார்.

சரி, 1790? ஞானஸ்நானப் பதிவின்படி முதலாமவருக்கு அந்த வருடம் ஆறு வயது. ஆறு வயதில் கடை திறந்திருக்க முடியாது. இங்கே கைகொடுத்தது ஒரு பழைய வரி. 1710-லிருந்து, தொழில் பழகப் பையனைச் சேர்த்துக்கொள்ளும் ஆசான் அதற்காக வாங்கும் பணத்துக்கு அரசுக்கு வரி கட்ட வேண்டும். நூறு வருடத்துக்கு நீடித்த அந்த வரியின் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஆர் 1 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆசான் பெயர், தொழில், ஊர், பையன் பெயர், தொகை என்று ஒரே வரியில் முடிந்துவிடும். நம் பையன் அதே ஊரின் துப்பாக்கிக்காரர் ஒருவரிடம் சேர்ந்திருந்தான். ஆசான் காலமான பிறகு அதே கடையை எடுத்து நடத்துவதாகப் பின்னாளில் பத்திரிகையில் அறிவிப்பும் கொடுத்திருக்கிறான். 1790 என்பது ஆசான் கடை திறந்த வருடமாக இருக்க வேண்டும். கடையோடு வருடத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கால வியாபாரிகளிடம் இது சகஜம்.

பத்திரிகை விளம்பரம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆகஸ்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஆகஸ்ட் 12-ல் குரௌஸ் பறவை வேட்டை, செப்டம்பர் 1-ல் கௌதாரி, அக்டோபர் 1-ல் ஃபெசன்ட் தொடங்கும். துப்பாக்கிக் கடைக்காரன் அதற்கு முந்தைய வாரங்களில்தான் பத்திரிகைக்குக் காசு செலவழிப்பான். எங்கள் பக்கத்துக்கு ஸ்டாம்ஃபோர்ட் மெர்குரிதான் முக்கியம். அதைப் புரட்டுவதில் ஆபத்தும் உண்டு. திருட்டு வேட்டை வழக்குகளைப் படிக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாருக்கும் தெரிந்த வழி, சுருக்கமாகச் சொல்கிறேன். 1841-ல் பெரியவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், அதை அப்படியே நம்பக்கூடாது. 1851-லிருந்து பிறந்த ஊர் கிடைக்கும். 1931 ஏடுகள் தீயில் போயின, 1941-ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இணைய அட்டவணையில் பெயர் தப்பாக ஏறியிருந்தால் பெயரை விட்டுவிட்டுத் தெருவைத் தேடுங்கள். கணக்கெடுத்தவர் வீடு வீடாக நடந்த வரிசையிலேயே ஏடு இருக்கும், பக்கத்து ரொட்டிக் கடையைப் பிடித்தால் இவர்களும் வந்துவிடுவார்கள்.

1851-ன் பக்கத்தில்தான் ரசீதிலும் குடும்பப் பேச்சிலும் இல்லாத ஒருவர் வந்தார். வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் ஒரு பெண். விதவை. தொழில்: துப்பாக்கி செய்பவர், இரண்டு ஆளும் ஒரு பையனும் வேலைக்கு. 1842 டைரக்டரியில் இரண்டாமவர் பெயர் இருக்கிறது, 1856-ல் இந்த அம்மாவின் பெயர். நடுவில் கணவர் இறந்திருக்கிறார், மகன் சின்னப் பையன். உயிலில் கடை, கருவி, சரக்கு எல்லாம் மனைவிக்கு, அவள் விதவையாகவே இருக்கும் காலம்வரை, பிறகு மகனுக்கு. அவர் மறுமணம் செய்யவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் 1882-ல் திருமணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு ஒரு கடைக்காரி மறுமணம் செய்தால் சரக்கு புதுக் கணவன் கைக்குப் போய்விடும் என்பதையும் மறக்க முடியாது. மகன் தலையெடுக்கும்வரை பத்து வருடத்துக்கும் மேல் கடையைக் கட்டிக் காத்தவர் அவர்தான். டைரக்டரியில் துப்பாக்கியோடு அழைப்புமணி கட்டும் வேலையும் அவர் பெயரில் வருகிறது. பண்ணையார் வீடுகளில் வேலையாட்களைக் கூப்பிட அறைக்கு அறை கம்பி இழுத்துக் கட்டும் மணி அது. வேட்டைக் காலம் முடிந்தால் பட்டறைக்கு அதுதான் சோறு போட்டிருக்கும்.

'இரண்டு ஆளும் ஒரு பையனும்' என்ற அந்த வரி குடும்ப நம்பிக்கைக்கும் விடை சொல்லிவிட்டது. பர்மிங்காமில் குழல் அடிப்பவர் ஒருவர், குடைபவர் ஒருவர், லாக் பொருத்துபவர், கட்டை செதுக்குபவர், சித்திரம் வெட்டுபவர் என்று வேலை பல கைகளாகப் பிரிந்திருந்தது. ஸ்டீல்ஹவுஸ் லேன், லவ்டே தெரு, பிரைஸ் தெரு சுற்றுவட்டாரம் முழுக்க இவர்கள்தான். மெருகு போடாத துப்பாக்கியை அங்கிருந்து வாங்கி, மெருகேற்றி, பெயர் வெட்டி விற்பதே நாட்டுப்புறக் கடைகளில் பலவற்றின் வழி. வில்லியம் கிரீனர் லண்டனில் ஜான் மேன்டனிடம் வேலை பார்த்துவிட்டு 1829-ல் நியூகாசிலில் கடை போட்டார். தேவையான பொருளெல்லாம் பர்மிங்காமிலிருந்தே வருகிறதென்று 1844-ல் அங்கேயே குடியேறிவிட்டார். அவருக்கே அந்த நிலை என்றால் லிங்கன்ஷயர்ச் சந்தை ஊரில் மூன்று பேர் என்ன செய்வார்கள்? மெட்ராஸ் மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் பெயர் வெட்டிய துப்பாக்கிகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. அவையும் இதே ரகம்தான்.

இதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "வாங்குகிறவன் தோள் அளவுக்குக் கட்டையை வளைத்துக் கொடுத்தது யார்? அதை பர்மிங்காம்காரன் செய்தானா?" என்று கேட்டார். நியாயம்தான். பழைய கல் துப்பாக்கியைக் கேப்புக்கு மாற்றியதும் இந்தப் பட்டறையாகவே இருக்கலாம். அடைத்த ஓட்டைகளின் கை சுத்தமான கை.

மகன் காலத்தில் தோட்டாத் துப்பாக்கி வந்தது, கடையும் செழித்தது. 1870-களின் கடைசியில் விவசாயம் நொடித்ததும் வாங்க ஆளில்லை. அரசிதழான லண்டன் கெசட்டில் மைத்துனரோடு இருந்த கூட்டு கலைந்த அறிவிப்பு இருக்கிறது, திவால் அறிவிப்பு இல்லை. 1911 கணக்கெடுப்புப் படிவத்தை வீட்டுக்காரரே நிரப்ப வேண்டும். அந்த அம்மாவின் பேரன் தன் கையால் 'துப்பாக்கி, சைக்கிள் வியாபாரம்' என்று எழுதியிருக்கிறார். 2022-ல் வெளியான 1921 ஏட்டில் வெறும் இரும்புக் கடை.

எழுதி முடித்த வரலாற்றைக் குடும்பத்தாருக்குப் படிக்கக் கொடுத்தேன். 1790 பற்றி யாரும் சண்டை போடவில்லை. ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள்: உரிமையாளர் பட்டியலில் அந்த அம்மாவை இன்னாரின் விதவை என்று அடைப்புக்குறிக்குள் வைத்திருந்ததை எடுத்துவிட்டு, மற்றவர்களைப் போலவே பெயரும் வருடமும் போட்டுத் தனி வரியாக வைக்கச் சொன்னார்கள். அப்படியே மாற்றி, ஒரு படியை லிங்கன் காப்பகத்துக்கும் கொடுத்தாயிற்று.